பார்த்து எழுதிய படம்

(இரண்டாமாண்டு மாணவி, சிவில் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும், கான்கிரீட் பற்றி எழுதலாமா, மழைநீர்ச் சேகரிப்பு பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டுக்கும் நம் வகுப்பிலேயே ஆள் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சுவீடன் நாட்டில் இருக்கும் ஒரு பெரிய ஓவியம், அதைப் பார்த்து எங்கள் வீட்டு முற்றத்தில் கையால் எழுதிய ஒரு நகல், இரண்டையும் பற்றி.

"நகல்ல என்ன இருக்கு, எழுதறதுக்கு?" என்று கேட்பீர்கள். ரெக்கார்டு நோட்டை ராத்திரியோடு ராத்திரியாகப் பார்த்து எழுதுகிற கூட்டம் நாம். நமக்குத் தெரியாத நகலா? ஆகவே கடைசி வரை படியுங்கள் நண்பர்களே. நான் சொல்ல வந்த விஷயம் நம் எல்லாருக்கும் பொருந்தும்.

படம் வீட்டுக்கு வந்த கதை

என் அப்பா போர்டு எழுதுகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ஆங்கிலப் பலகைகளில் பாதி அவர் கையால் எழுதியவை. எழுத்தைப் படிக்காமல், படம் போலப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார். பிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடச் சுவர், கோயில் சுவர், லாரியின் பின்பக்கம் என்று எது கிடைக்கிறதோ அதைச் செய்கிறார். அம்மா தையல். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல்.

போன வருடம் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இதை நாலுக்கு ஆறு அடியில கான்வாஸ்ல எழுதித் தரணும். பிரிண்ட் வேண்டாம், கை வேலையா இருக்கணும். பதினாலாயிரம் தர்றேன்" என்று சொல்லி, ஐயாயிரம் அட்வான்ஸும் கொடுத்தார். அந்த மாதம்தான் என் செமஸ்டர் பீஸ் கட்ட வேண்டிய மாதம். அப்பா சரி என்றார்.

அவர் போனதும் அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யாரு பாப்பா இந்த ஆளு? கையில சுத்தியல வச்சுக்கிட்டு கிடா பூட்டின வண்டியில போறான்?" என்று கேட்டார். எனக்கும் சினிமாவில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். தேடிப் படித்து அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

யார் இந்தத் தோர்?

ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து நாடுகளில், கிறிஸ்தவ மதம் பரவுவதற்கு முன்பு மக்கள் கும்பிட்ட தெய்வங்களில் ஒருவர் தோர். இடிக்கு அதிபதி. அவர் வண்டி வானத்தில் ஓடும் சத்தம்தான் இடி என்று நம்பினார்கள். சுவீடிஷ் மொழியில் இடிக்கு 'ஆஸ்கா' என்று பெயர். தெய்வம் வண்டியில் போவது என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்கு உள்ள பெயரும் தோரின் பெயரிலிருந்து வந்ததுதான். "நம்ம இந்திரன் மாதிரியா?" என்றார் அப்பா. இந்திரனையும் தோரையும் ஒப்பிட்டு அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவருக்குச் சந்தோஷம்.

தோரின் வண்டியை இழுப்பவை இரண்டு ஆட்டுக்கிடாய்கள். பெயர் தான்கிரிஸ்னிர், தான்னியோஸ்ட்ர். வழியில் பசித்தால் தோர் அந்தக் கிடாய்களையே அறுத்துச் சமைத்துவிடுவார். எலும்புகளைத் தோலின் மேல் போட்டு, மறுநாள் காலை சுத்தியலை உயர்த்தினால் இரண்டும் உயிரோடு எழுந்து நிற்கும். ஒருமுறை ஒரு குடியானவர் வீட்டில் தங்கியபோது, அந்த வீட்டுப் பையன் மஜ்ஜைக்கு ஆசைப்பட்டு ஒரு தொடை எலும்பைப் பிளந்துவிட்டான். காலையில் எழுந்த கிடாய் நொண்டியது. ஒரே ஒரு எலும்பில் நடந்த திருட்டு எப்படி வெளியே வந்துவிட்டது பாருங்கள்.

சுத்தியலின் பெயர் மியோல்னிர். அதைச் செய்த கதை மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பிடிக்கும். லோகி என்ற தந்திரக்காரர் இரண்டு குள்ளக் கொல்லர்களோடு தன் தலையையே பந்தயம் வைத்தார். ஒரு கொல்லர் உலையில் இரும்பை வைத்தார். இன்னொருவர் துருத்தி ஊதினார். காற்று ஒரு நொடியும் நிற்கக் கூடாது. லோகி ஈயாக மாறி வந்து, துருத்தி ஊதுகிறவரின் கண் இமையில் கடித்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. துடைக்க ஒரு நொடி கையை எடுத்தார். அவ்வளவுதான், சுத்தியலின் கைப்பிடி குட்டையாகப் போய்விட்டது. அப்படியும் தெய்வங்கள் கூடி, இருப்பதிலேயே சிறந்த பொருள் இதுதான் என்று தீர்ப்பு சொன்னார்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் ஐயா திருப்பித் தந்துவிடுவார்!

இந்தக் கதைகள் நமக்குக் கிடைத்த வழியையும் கவனியுங்கள். வாய்வழிப் பாட்டாக இருந்தவற்றை ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்துர்லுசன் என்பவர் சுமார் 1220ஆம் ஆண்டில் 'எட்டா' என்ற நூலில் உரைநடையாகத் தொகுத்தார். ஐஸ்லாந்து கிறிஸ்தவ மதத்துக்கு மாறி அப்போதே 200 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தொகுக்காமல் போயிருந்தால் பல கதைகள் அழிந்திருக்கும். பழைய பாட்டுகளை எடுத்துக்காட்டும்போது, பெரும்பாலும் பாடிய புலவரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அசல் ஓவியம்

நாங்கள் எழுத வேண்டிய ஓவியத்தின் பெயர் 'அரக்கர்களோடு தோரின் போர்'. வரைந்தவர் மார்ட்டன் எஸ்கில் விங்கே (1825–1896). வரைந்த ஆண்டு 1872. இப்போது சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் பலர் கிரேக்க, ரோமானியக் கதைகளையும் பைபிள் கதைகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடநாட்டு மக்களுக்குத் தங்கள் பழைய கதைகள் மேல் ஒரு பற்று வந்தது. நம்ம ஊர்ச் சாமியை நாமே வரையாமல் வேறு யார் வரைவது என்ற எண்ணம். விங்கே அந்த எண்ணம் கொண்டவர்.

படத்தின் மேல்பகுதியில் கறுத்த மேகம், மின்னல். நடுவில் வண்டியில் நின்றபடி தோர் சுத்தியலை ஓங்குகிறார். கீழே பாறைகளுக்கு நடுவே இருட்டில் அரக்கர்கள் சரிந்து விழுகிறார்கள். வெளிச்சமெல்லாம் மேலே, இருட்டெல்லாம் கீழே. ஓங்கிய சுத்தியல் இன்னும் விழவில்லை. அடுத்த நொடி விழும். அந்த நொடியைத்தான் விங்கே பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

அசலின் அளவு 484 சென்டிமீட்டர் உயரம், 333 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஏறத்தாழ 16 அடிக்கு 11 அடி. நம் வகுப்பறைச் சுவரில் மாட்ட முடியாது, கூரை இடிக்கும். முன்னால் நின்றால் தலையைத் தூக்கித்தான் தோரைப் பார்க்க வேண்டும். நாலடி அகல நகலில் அந்தப் பயம் வராது. நகலின் முதல் குறை இது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் தீராத குறை.

கணக்கில் வந்த சிக்கல்

"நாலுக்கு ஆறு சட்டம் அடிச்சிரலாமா?" என்று அப்பா கேட்டபோது என் எஞ்சினியரிங் டிராயிங் முதல்முறையாக வீட்டுக்கு உதவியது. 484ஐ 333ஆல் வகுத்தால் 1.4535 வருகிறது. ஆறை நாலால் வகுத்தால் 1.5. இரண்டும் ஒன்றில்லை. நாலடி அகலத்துக்குச் சரியான உயரம் 5 அடி 9¾ அங்குலம். ஆறு அடிக்கு இழுத்தால் படம் 2¼ அங்குலம் நீண்டு, கிடாய்கள் ஒல்லியாகிவிடும். வியாபாரியிடம் போனில் கேட்டோம். "சரியான அளவிலேயே செய்யுங்க" என்றார். இந்த அளவில் நகலின் பரப்பு அசலில் ஏழரையில் ஒரு பங்குதான் வருகிறது.

பார்த்து எழுதப் படம் வேண்டும். அந்த அருங்காட்சியகம் 2016இல் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் சுமார் 3,000 உயர்தரப் படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. விங்கே இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டதால் ஓவியத்துக்கும் காப்புரிமை கிடையாது. ஐரோப்பாவில் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும்தான் காப்புரிமை. ஆகவே அவர் படத்தைப் பார்த்து எழுதுவது குற்றமில்லை.

ஏ-3 தாளில் பிரிண்ட் எடுத்தோம். படம் 28 சென்டிமீட்டர் அகலம். அதில் 3.5 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டால் குறுக்கே எட்டு. கான்வாஸில் 6 அங்குலக் கட்டங்கள், அங்கேயும் குறுக்கே எட்டு. நெடுக்கே பதினொரு முழுக் கட்டமும், அடியில் 3¾ அங்குலத் துண்டு ஒன்றும் வந்தது. அப்பா சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி நூல் அடித்தார். கோடு கண்ணாடி மாதிரி விழுந்தது. இனி ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் கரித்துண்டால் வரைய வேண்டும். தோரின் முகம் என்று நினைத்து வரைந்தால் நமக்குத் தெரிந்த ஒரு முகம் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் கோடு எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரத்துக்குப் போகிறது என்று பார்த்தால் விங்கேயின் தோர் வருவார். ஆங்கிலம் தெரியாமல் அப்பா ஆங்கிலப் பலகை எழுதிய ரகசியம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

வண்ணம் காய்வதில்லை, இறுகுகிறது

அப்பாவுக்குப் பழக்கம் எனாமல் பெயின்ட். இன்று அடித்தால் நாளை காய்ந்துவிடும். கான்வாஸில் அடிக்கும் எண்ணெய் வண்ணம் அப்படி இல்லை. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது அது. சிமென்ட் காய்வதில்லை, நீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது என்று நாம் படித்திருக்கிறோம். எண்ணெய் வண்ணமும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். உள்ளே முழுக்க இறுக மாதக்கணக்கு.

இதனால் ஒரு விதி உண்டு. அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்தி இறுகிவிடும். அடிப்பூச்சு பிறகு அசையும்போது மேலே வெடிப்பு விழும். ஈரம் போகாத சுவரில் பூசினால் என்ன ஆகும் என்று சைட்டில் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

முதலில் மரச்சட்டத்தில் கான்வாஸை இழுத்து ஆணியடித்து, பிரைமர் இரண்டு கை அடித்தோம். பிறகு காவியும் பழுப்பும் மட்டும் வைத்து வெளிச்சம், நிழல் இரண்டையும் பிரித்தார் அப்பா. அப்போதே படம் எழுந்து நின்றுவிட்டது. அது இறுகிய பிறகுதான் நிறம். மூன்றாவது வாரம் அவசரப்பட்டு மேகத்தின் மேல் மின்னலை இழுத்தார். அடியில் ஈரம் இருந்திருக்கிறது. வெள்ளை, சாம்பலாகக் கலங்கிவிட்டது. பழைய துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். அப்பா அவ்வளவு நாள் பிரஷ் தொடாமல் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு சிக்கல் நிறம். இரண்டு கடைகளில் பிரிண்ட் எடுத்தோம். ஒன்றில் மேகம் நீலம், மற்றதில் பச்சை கலந்த கறுப்பு. என் போனில் மூன்றாவது மாதிரி. விங்கே அடித்த நிறம் எது? ஸ்டாக்ஹோமில் போய் நின்றவருக்குத்தான் தெரியும். நடுவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நகலின் இரண்டாவது குறை இது.

பிரிண்டா, கை வேலையா?

கை வேலை என்று சொல்லிப் பிரிண்டை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கச் சில வழிகள் சொல்கிறேன். சர்வே லேபில் இருக்கும் சாதாரண லென்ஸ் போதும். அச்சுப்படத்தில் சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நிறப் புள்ளிகளாகத் தெரியும். கையால் எழுதியதில் புள்ளி இருக்காது. பிரஷ் மயிர் இழுத்த கோடுகள் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்ணம் தடித்த இடத்தில் மேடும், அதன் நிழலும் விழும். ஆனால் பிரிண்டின் மேல் நிறமில்லாத பசையைப் பிரஷால் இழுத்து மேடு காட்டுவதும் உண்டு. அப்போது பிரஷ் கோடு ஒரு பக்கம் போகும், உருவத்தின் கோடு வேறு பக்கம் போகும். இரண்டும் சேராவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இடுப்பு வார்ச் சின்னம்

தோருக்கு பலம் தரும் மந்திர வார் ஒன்று உண்டு. விங்கே அந்த வாரில் ஸ்வஸ்திகா சின்னங்களை வரைந்திருக்கிறார். அந்தக் கட்டம் வந்ததும் நான் பயந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஹிட்லர் பாடத்தில் பார்த்த சின்னம். அப்பாவோ, "நகைக்கடை இரும்புப் பெட்டியில போடுறதுதானே, நானே நாலஞ்சு எழுதியிருக்கேன்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். நம் நாட்டில் அது மங்கலச் சின்னம். வடநாடுகளிலும் பழங்காலப் பொருட்களிலும் கற்களிலும் அது கிடைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதைத் தோரோடு சேர்த்துப் பேசினார்கள். விங்கே வரைந்தது 1872இல். நாஜிக் கட்சி அதைத் தன் கொடியில் எடுத்துக்கொண்டது 1920இல். அதன் பிறகு அந்தச் சின்னத்தின் கீழ் லட்சக்கணக்கான யூதர்களும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பாவில் இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனம் நடுங்குகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டத் தடை. கலை, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாஜிகள் வடநாட்டுப் புராணத்தையே தங்கள் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

அழிப்பதா, வைப்பதா? ஒருநாள் முழுக்கப் பேசினோம். அழித்தால் 1872இல் இல்லாத ஒரு படத்தை இருந்ததாகச் சொல்கிறோம். வைத்தால் பார்க்கிறவர் தவறாக எடுத்துக்கொள்ளலாம். கடைசியில், அசலில் இருக்கும் அளவிலேயே வைத்துவிட்டு, அதன் ஆண்டுக் கணக்கைப் படத்தின் பின்னால் எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம்.

நகல் வேறு, போலி வேறு

பார்த்து எழுதுவது கேவலமான வேலை இல்லை நண்பர்களே. பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறந்த காலத்திலிருந்தே ஓவியர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்து எழுதிப் பழகியிருக்கிறார்கள். இன்றைக்கும் அனுமதி வாங்கி எழுதலாம். ஆனால் நிபந்தனை உண்டு. நகல் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் நகலை யாரும் அசல் என்று விற்க முடியாது.

நகல் அசலுக்கே உதவி செய்ததும் உண்டு. ஸ்பெயினில் பிராடோ அருங்காட்சியகத்தில் மோனாலிசா படத்தின் பழைய நகல் ஒன்று, பின்னணி முழுக்கக் கறுப்பாக, பெரிய மதிப்பில்லாமல் இருந்தது. சுத்தம் செய்தபோது கறுப்புக்கு அடியில் இயற்கைக் காட்சி வெளிப்பட்டது. லியனார்டோ அசலை வரைந்துகொண்டிருந்த அதே சமயத்தில் அவர் பட்டறையிலேயே ஒரு சீடர் எழுதிய நகல் அது என்று 2012இல் அறிவித்தார்கள். அசலில் மங்கிப்போன விவரங்களை இன்று அந்த நகலில் பார்க்கலாம். சீனாவில் ஷென்சென் பக்கத்தில் டாபென் என்ற ஊரே நகல் ஓவியத்தால் பிழைத்தது. 1989 முதல் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் உலகப் புகழ்பெற்ற படங்களைப் பார்த்து எழுதி ஏற்றுமதி செய்தார்கள். பிறகு அவர்களில் பலர் சொந்தப் படம் வரையவும் ஆரம்பித்தார்கள்.

ஆகவே நகலுக்கும் போலிக்கும் கோட்டில், நிறத்தில் வித்தியாசம் இல்லை. எந்தப் பெயரைப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வியாபாரி கேட்டது

ஏழு வாரத்தில் படம் முடிந்தது. வியாபாரி வந்து பார்த்தார். அசந்துபோனார். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணே, கீழ அந்த வெள்ளைக்காரர் பேரையும் 1872ன்னும் போட்டுருங்க. டீத் தண்ணி கீத் தண்ணி தொட்டு கொஞ்சம் பழசாக்கிக் குடுங்க. இன்னும் ஆறாயிரம் சேர்த்துத் தர்றேன்" என்றார்.

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனசுக்குள் கணக்குப் போட்டேன். மொத்தம் இருபதாயிரம். பீஸ் போக பஸ் பாஸ், மினி டிராப்டர், அம்மாவின் மெஷினுக்கு மோட்டார். ஒரு பெயரை எழுத அப்பாவுக்கு இரண்டு நிமிடம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லீங்க. அவரு எழுதுனத அவரு பேருல வச்சுக்கட்டும். நான் எழுதுனதுக்கு என் பேரு போதும்" என்றார். வியாபாரி சிரித்தார், கோபித்தார், கடைசியில் படத்தை எடுக்காமலே போய்விட்டார். அட்வான்ஸ் ஐயாயிரத்தையும் திருப்பிக் கேட்டார். அது பீஸாக எப்போதோ கட்டியாகிவிட்டது. மாதம் ஐநூறு வீதம் அப்பா திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் மூன்று மாதம் பாக்கி.

அன்று ராத்திரி அப்பா படத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கக் கான்வாஸில் தமிழில் எழுதினார். சுவீடன் நாட்டு மார்ட்டன் எஸ்கில் விங்கே 1872இல் வரைந்த படத்தைப் பார்த்து எழுதியது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். இடுப்பு வார்ச் சின்னத்தின் கணக்கையும் எழுதினார். கீழே அவர் பெயர். முப்பது வருடம் ஊரார் பெயரையெல்லாம் பலகையில் எழுதியவர், தான் எழுதிய வேலையில் தன் பெயரைப் போட்டது அதுதான் முதல்முறை. "உன் பேரையும் போடவா பாப்பா? கட்டம் போட்டது நீதானே" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். முதலாமாண்டில் ஒரு டிராயிங் ஷீட்டை சீனியர் அக்காவின் ஷீட்டுக்கு மேல் டிரேசிங் தாளை வைத்து இழுத்து, என் பெயரைப் போட்டுச் சமர்ப்பித்தேன். நல்ல மார்க் வந்தது. அந்த ஷீட்டில் வெட்டுத்தோற்றம் எங்கே வெட்டியது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அப்பா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதியதால் தோரின் விரல் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் இழுத்த கோடு கை வழியாகப் போனது, கண் வழியாகப் போகவில்லை. பெயரோ என் பெயர்.

ஸ்னோரி பழைய புலவர்களிடம் எடுத்தார், பெயரைச் சொன்னார். விங்கே பழைய கதையிலிருந்து எடுத்தார். அப்பா விங்கேயிடமிருந்து எடுத்தார், பெயரைச் சொன்னார். உலகத்தில் பாதி வேலை பார்த்துச் செய்வதுதான். பார்த்துச் செய்யுங்கள், உண்மையிலேயே பார்த்துச் செய்யுங்கள், யாரைப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிடாயின் தொடை எலும்பு போல, சொல்லாமல் விட்டது ஒருநாள் நொண்டிக் காட்டும். அந்த ஷீட்டை நான் மறுபடி சொந்தமாகப் போட்டுவிட்டேன். மார்க்குக்காக அல்ல, மார்க் எப்போதோ வந்தாகிவிட்டது.

படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தூசி விழாமல் அம்மா பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறார். வண்ணம் முழுக்க இறுக ஆறு மாதமாவது ஆக வேண்டும். பிறகுதான் வார்னிஷ் அடிக்கலாம். சித்திரை மாதம் அடிக்கலாம் என்று அப்பா நாள் பார்த்து வைத்திருக்கிறார். வெயில் காலம், சீக்கிரம் காயும். அந்தப் பக்கம் வருகிற நண்பர்கள் வந்து பாருங்கள். முன்பக்கம் பார்த்த பிறகு பின்பக்கமும் பாருங்கள்.